ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலை

கும்பகோணம்
9.11.2024

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பதை அறிய ஆவல்.

வியாழக்கிழமை இரவு நீ பேசியபோது, மாலை நேர மீட்டிங்குகளில் எதிரில் இருப்பவர்களின் முகம் உறைந்துவிடுகிறது என்றும், வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகி மறுநாள் மீண்டும் அதே கதையாகிறது என்றும் சொல்லி, நெட் கம்பெனியையே மாற்றிவிடலாமா என்று கேட்டாய். நாம் பேசிய அழைப்பே மூன்று முறை அறுந்துபோனதால் பதிலைக் கடிதமாக எழுதுகிறேன். கம்பெனியை மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் பொறுத்துக்கொள்.

உன் வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல் இருக்கும் வெள்ளைப் பெட்டியை நீ மோடம் என்கிறாய், மாப்பிள்ளை ரௌட்டர் என்கிறார், இரண்டுமே சரி. தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழையில் ஓடும் ஒளியை வாங்கி மின்குறியாக மாற்றுவது மோடத்தின் வேலை. அப்படி வந்த இணைப்பை வீட்டிலுள்ள போன், லேப்டாப், டி.வி. எல்லாவற்றுக்கும் பங்கிட்டு, வைஃபையாகக் காற்றில் அனுப்புவது ரௌட்டரின் வேலை. தனித்தனியாக இருந்த இரண்டையும் இப்போது ஒரே கூட்டுக்குள் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இடம் மிச்சம்தான், ஆனால் இரண்டில் எது கெட்டாலும் நமக்குத் தெரிவது "நெட் வரவில்லை" என்ற ஒன்று மட்டுமே.

நான் டெலிபோன் இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்த புதிதில், எங்கள் மூத்தவர் எந்தப் புகாருக்குப் போனாலும் நேராகக் கம்பத்தில் ஏற மாட்டார். வீடுகளுக்கு லைன்கள் பிரியும் டி.பி. பெட்டியைத் திறந்து, வீட்டுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஜோடியில் டெஸ்ட் போனை மாட்டிக் காதில் வைப்பார். டயல் டோன் கேட்டால் பழுது வீட்டுப் பக்கம். கேட்காவிட்டால் எக்ஸ்சேஞ்ச் பக்கம். அந்த அரை நிமிடம், அரை நாள் அலைச்சலை மிச்சமாக்கிவிடும். உன் பெட்டியிலும் அப்படியே பிரித்துப் பார்க்க முடியும். வயரைக் கழற்றக்கூட வேண்டியதில்லை.

லேப்டாப்பில் கருப்புத் திரையுள்ள கட்டளைச் சாளரங்கள் இரண்டைத் திறந்துகொள். ஒன்றில் 192.168.1.1 என்ற முகவரிக்கும், மற்றொன்றில் 8.8.8.8 என்ற முகவரிக்கும் தொடர்ந்து பிங், அதாவது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வரும் நேரத்தை அளக்கும் கட்டளையை, ஓடவிடு. எப்படி ஓடவிடுவது என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். முதல் முகவரி உன் வீட்டுப் பெட்டியுடையது. சில பெட்டிகளில் எண் வேறாக இருக்கும், அடியில் ஒட்டியுள்ள தாளைப் பார்த்துக்கொள். இரண்டாவது, வெளியே இருக்கும், இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் கூகுளின் டிஎன்எஸ் சர்வர். மீட்டிங் நடக்கும்போது இரண்டும் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கட்டும். படம் உறையும் அந்த நொடியில், முதல் சாளரம் இரண்டு, மூன்று மில்லிசெகண்டில் ஒழுங்காகப் பதில் வாங்கிக்கொண்டிருக்க, இரண்டாவது மட்டும் நின்றுபோனால் கோளாறு வெளியிலிருந்து வரும் லைனில் இருக்கிறது. முதல் சாளரமே 200, 300 என்று தாவினாலோ பதிலில்லாமல் நின்றாலோ, லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள காற்றில், அதாவது வைஃபையில்தான் கோளாறு. அதற்காகக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. சந்தேகம் தீர வேண்டுமானால் ஒரு லேன் கேபிளால் லேப்டாப்பைப் பெட்டியோடு நேரடியாக இணைத்து, ஒரு மாலை முழுவதும் அப்படியே வேலை பார். கேபிளில் அறுபடவில்லை என்றால் வைஃபைதான் குற்றவாளி என்பது உறுதியாகிவிடும்.

இதையெல்லாம் பார்க்காமல் முதலிலேயே ஸ்விட்சை அணைத்துப் போடுவதுதான் எனக்கு ஆகாத வேலை. பெட்டி அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதற்கான தடயம் முழுவதும் அத்துடன் அழிந்துவிடுகிறது.

லைன், வைஃபை தவிரக் கோளாறுக்கு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு, அதில் நானே ஏமாந்தேன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்குமேல் நெட் அறுந்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் தானாக வரும். மாமரத்துக் கிளை கேபிளில் உரசுகிறது என்று நானாக முடிவு கட்டி, ஆளை வைத்துக் கிளையை வெட்டினேன். இணைப்பு தந்தவர்களின் ஆள் மூன்று முறை வந்து, முனையைத் துடைத்து, கண்ணாடி இழை ஓடும் மஞ்சள் வயரை மாற்றிவிட்டுப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு மாலை பிளாஸ்டிக் நாற்காலியைப் பெட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நேரம் குறித்தேன்: 7.10, 7.42, 8.05. மூன்றாம் முறைதான் கண்ணில் பட்டது. லைன் போனால் லைனுக்குரிய விளக்கு மட்டும் மாற வேண்டும். இங்கே எல்லா விளக்கும் ஒருசேர ஒரு கணம் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. பெட்டி தானே அணைந்து எழுந்துகொண்டிருந்தது. அடாப்டரைத் தொட்டால் கை சுட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். பெட்டியில் மாட்டாதபோது 12 வோல்ட் காட்டியது, மாட்டிவிட்டுப் பார்த்தால் பத்துக்கும் கீழே இறங்கியது. மாலையில் தெருவே விளக்குப் போட்டுக் கரண்ட் தாழும் நேரத்தில் அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை போலும். அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள புது அடாப்டரை வாங்கி மாட்டியதோடு தீர்ந்தது. முப்பது ஆண்டு லைன் பார்த்தவன் மாமரத்தை வெட்டினான் என்று அம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

ஆகவே படம் உறையும்போது பெட்டியின் விளக்குகளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடு. எல்லாம் அணைந்து எரிந்தால் கரண்ட் அல்லது அடாப்டர். எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. அது கம்பெனிக்காரர்கள் பார்க்க வேண்டியது. விளக்கெல்லாம் ஒழுங்காக இருந்தும் முதல் சாளரம் தடுமாறினால் வைஃபை.

என் ஊகத்தைக் கேட்டால் உன் வீட்டில் வைஃபைதான் என்பேன். ஆடியில் அங்கே தங்கியிருந்தபோது நான் பார்த்தது நினைவிருக்கிறது. பெட்டி வாசலில், நீ வேலை பார்ப்பது பின்பக்கப் படுக்கையறையில், நடுவில் இரண்டு செங்கல் சுவர், போதாததற்கு உன் கல்யாணச் சீராக நாங்கள் கொடுத்த இரும்பு பீரோ. சுவரையாவது அலை ஓரளவு ஊடுருவும். இரும்பு அதைத் திருப்பி அடித்துவிடும். கேபிள் நுழையும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஆணி அடிப்பதோடு கேபிள் போடுபவரின் வேலை முடிந்துவிடுகிறது. நீ எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பாய் என்பது அவருடைய கவலை அல்ல.

இன்னொன்று, அந்த அடுக்குமாடியில் என் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பதின்மூன்று சேனல்கள் இருந்தாலும் அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றோடொன்று மோதாமல் பிழைப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். இருபது வீட்டுக்காரர்களும் அந்த மூன்று பாதையில்தான் போய்வர வேண்டும். பகலில் எல்லோரும் அலுவலகத்தில் இருப்பதால் உனக்கு வழி கிடைக்கிறது; மாலையில் வீடு திரும்பி அவரவர் டி.வி.யைப் போட்டதும் நெரிசல் தொடங்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால், பால் சூடாக்கும் அந்த இரண்டு நிமிடத்தையும் கவனித்துப் பார். அணைத்துப் போட்டால் சரியாவதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். பல பெட்டிகள் எழும்போது மட்டும்தான் எந்தச் சேனல் காலியாக இருக்கிறது என்று தேடிப் பிடிக்கும், பிறகு நெரிசல் வந்தாலும் அங்கேயே கிடக்கும்.

பிரௌசரில் அந்த முதல் முகவரியை அடித்தால் வரும் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் 2.4-க்கும் 5-க்கும் வெவ்வேறு பெயர் வைத்து, உன் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணை. அதில் சேனல்கள் தாராளம், அக்கம்பக்கத்துத் தொல்லை குறைவு. ஆனால் சுவரைத் தாண்டும் வலு அதற்கு இன்னும் குறைவு என்பதால், பெட்டியைக் கூடத்தின் நடுவுக்காவது கொண்டுவர வேண்டும். இழையை நீட்டித் தரச் சொல்லிக் கேள். 2.4-ஐ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்தி, மூன்று சேனல்களில் கூட்டம் குறைந்ததை நீயே தேர்ந்தெடு. அமைப்புப் பக்கத்துக்குள் போயிருக்கும்போதே அதன் கடவுச்சொல்லையும் மாற்றிவிடு; இப்போது இருப்பது பெட்டியின் அடியிலேயே அச்சாகியிருக்கிறது.

சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை இப்போதைக்கு வாங்காதே. ஒரே ரேடியோவால் வாங்கவும் கொடுக்கவும் செய்யும் வகையில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். செலவு செய்வதென்றால், சுவரோரமாக ஒரு லேன் கேபிளைப் பின்னறைவரை இழுத்து, அங்கே ஒரு சிறிய ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது இதே இணைப்பை வைஃபையாக அனுப்ப மட்டும் செய்யும் பெட்டியாக, வை. அதை ரௌட்டராகவே ஓடவிட்டால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலையமைப்புகள் உருவாகி, பிரின்டர் ஒரு பக்கமும் லேப்டாப் ஒரு பக்கமும் நின்றுவிடும்.

லைன்தான் குற்றவாளி என்று தெரிந்தால், அமைப்புப் பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர் என்று, பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டும் ஓர் எண் இருக்கும். மைனஸ் 20 அளவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் பெட்டி ஒளியைப் படிக்கத் திணறும். மூன்று புள்ளி இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மஞ்சள் வயரை உன் வளையலைவிடச் சிறிய வட்டமாகச் சுற்றாதே, ஸ்டாண்டின் காலுக்கடியில் நசுங்கவும் விடாதே. அதன் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது; ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது லேசர். குழந்தைக்கும் எட்டாமல் வை.

பெட்டியின் பின்னால் இருக்கும் சிறு ஓட்டையில் மட்டும் ஊசியைக் குத்திவிடாதே. ஸ்விட்சைப் போட்டு எடுப்பது வேறு, எல்லா அமைப்பையும் அழித்துவிடும் இந்த ரீசெட் வேறு. கம்பெனி பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதோடு போய்விடக்கூடும். நம் எதிர்வீட்டில் அப்படிக் குத்திவிட்டு, ஆள் வரும்வரை நான்கு நாள் நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கள் முதல் மூன்று மாலைகள், அறுபடும் நேரம், விளக்குகளின் நிலை, இரண்டு சாளரங்களும் காட்டியது ஆகியவற்றைக் குறித்து, அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பு. லைன் என்று தெரிந்தால் அந்தக் குறிப்பைப் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம். வைஃபை என்றால், தை மாதம் வரும்போது கேபிளும் கிளிப்பும் நானே கொண்டுவருகிறேன். பீரோவை மட்டும் அதற்குள் மாப்பிள்ளையிடம் சொல்லி எதிர்ச் சுவருக்கு நகர்த்தி வை.

அன்புடன்,
அப்பா