நட்கிராக்கர் பாலே நடத்துறவங்களுக்கு ஒரு ப்ரீஸ்கூல் டீச்சரோட திறந்த மடல்

பாலே குழு நிர்வாகத்துக்கும் அரங்க நிர்வாகத்துக்கும் வணக்கம்.

இந்த கிறிஸ்துமஸ் சீசன்ல உங்க நட்கிராக்கர் பாலே மதிய ஷோவுல, சத்தமா பேசிட்டான்னு எங்க நாலு வயசுப் பொண்ணு ஒருத்திய வெளிய அனுப்பி, இடைவேளை வரைக்கும் உள்ள விடலங்கறது உங்களுக்கு நல்லாவே தெரியும். நான் அனுப்புன மெயிலுக்கு "எங்கள் விதிமுறைகளின்படி"ன்னு ஆரம்பிச்சு நாலு வரி பதிலும் போட்டிருந்தீங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு சீசன்லயும் மூணு வயசுலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருக்குற பிள்ளைங்களுக்குன்னே ஒரு ஷோ, ஒரே ஒரு ஷோ, தனியா போடுங்க.

எங்க பிள்ளைங்கள நாங்க தயார் பண்ணாம கூட்டிட்டு வரல. நவம்பர்லேருந்தே கிளாஸ்ல, ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி எழுதுன அந்த நட்கிராக்கர் மியூசிக்தான் ஓடுது. ஷுகர் ப்ளம் ஃபேரிங்கற தேவதையோட டான்ஸ்ல மணி மணியா உதிருமே, அது செலஸ்டான்னு ஒரு வாத்தியம், பாக்க பியானோ மாதிரி இருக்கும் ஆனா உள்ள சுத்தியல் போய் தட்டுறது உலோகத் தகட்ட, அப்படின்னு சொல்லிக் குடுத்ததும் அதுங்க எந்தப் பாட்டு போட்டாலும் "இதுல செலஸ்டா இருக்கா"ன்னு கேக்க ஆரம்பிச்சிடுச்சுங்க. ரஷ்யன் டான்ஸ் மொத்தமே ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, அது முடியறதுக்குள்ள கிளாஸே குதிச்சு முடிச்சிருக்கும். அரேபியன் டான்ஸ் மட்டும் மெதுவா நீளமா போறதால அங்க நெளிவாங்க, அது இந்த வயசுக்கு சகஜம். கதையும் அத்துப்படி. கிறிஸ்துமஸ் பார்ட்டியில கிளாராங்கற பொண்ணுக்கு நட்கிராக்கர், அதாவது கொட்டை உடைக்கிற பொம்மை ஒண்ணு கிடைக்கும், அவ கூடப் பொறந்த ஃபிரிட்ஸ் அத ஒடைப்பான், அத குடுத்த டிரோசல்மேயர் கர்ச்சீப் வச்சு கட்டுப் போடுவார், ராத்திரி பன்னெண்டு மணிக்கு கிறிஸ்துமஸ் மரம் வளரும், எலி ராஜா பொம்மையோட சண்டைக்கு வருவான், கிளாரா செருப்ப கழட்டி அவன் மேல எறிவா. அந்த செருப்பு எறியற இடத்துக்குத்தான் எல்லாரும் காத்திருந்தாங்க, கிளாஸ்ல அத நடிக்கறதுக்கு தினமும் சண்டை, யார் கிளாரான்னு.

இப்படி காத்திருந்த நாலு வயசுப் பொண்ணு ஒருத்தி, மேடையில பொம்மை ஒடைஞ்சதும் எழுந்து நின்னு "ஐயோ, சீக்கிரம் கர்ச்சீப் கட்டுங்க"ன்னு சத்தமா சொன்னா. அவ்வளவுதாங்க அவ செஞ்சது. அழல, ஓடல, முன் சீட்ட உதைக்கல. மேடையில நடக்குறத அவ்வளவு உன்னிப்பா கவனிச்சிருந்தாத்தான் அப்படி ஒரு வார்த்தை வரும். ரெண்டாவது தடவ சொல்றதுக்குள்ள உங்க பணியாளர் டார்ச்சோட வந்து, கொழந்தைய வெளிய கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு. மத்த பிள்ளைங்கள கூட வந்த டீச்சர்கிட்ட விட்டுட்டு அவள தூக்கிட்டு நான் வெளிய வந்தேன். அமைதியானதும் உள்ள போகலாமான்னு கேட்டா, இடைவேளை வரைக்கும் கதவு தொறக்க முடியாதாம், விதியாம்.

இடைவேளை வரைக்கும்னா என்னென்ன போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மரம் வளர்றது போச்சு. எலிச் சண்டை போச்சு. செருப்பு போச்சு. பனி கொட்டறதும் போச்சு. அந்த காரிடார்ல டிவி கூட இல்ல, ஒரு பெஞ்ச், ஒரு மூடின கதவு. கதவுக்குப் பின்னாடி துப்பாக்கி சத்தம் கேட்டதும் அவளுக்கு தெரிஞ்சுடுச்சு சண்டை ஆரம்பிச்சுடுச்சுன்னு, ஏன்னா அந்த வெடி மியூசிக்லயே எழுதியிருக்கு, கிளாஸ்ல நூறு தடவ கேட்டிருக்கா. டக்குனு கால்லேருந்து ஒரு ஷூவ கழட்டி கையில வச்சுக்கிட்டா. "இப்ப எறியறாளா டீச்சர், இப்பவா"ன்னு கதவையே பாத்துக்கிட்டு நின்னா. கொஞ்ச நேரத்துல அந்த பனி கொட்டற காட்சியோட வால்ட்ஸ் மியூசிக்ல வார்த்தையே இல்லாம கோரஸ் குரல் மட்டும் வருமே, அதுவும் கேட்டுச்சு. "ஸ்னோ வந்துடுச்சு, எறிஞ்சு முடிச்சுட்டா"ன்னு சொல்லிட்டு அவளே ஷூவ திரும்ப மாட்டிக்கிட்டா. பக்கிள் போட மட்டும் என் உதவி கேட்டா. அவ அழுதிருந்தா கூட எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது.

இது பிள்ளைங்களுக்கு சரிப்பட்டு வராத கலைன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. 1892 டிசம்பர்ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி தியேட்டர்ல மொத மொதல்ல ஆடினப்பவே கிளாராவா வந்தது பாலே பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு சின்னப் பொண்ணு. முதல் பாகம் பூரா பிள்ளைங்களா இருக்கேன்னு அன்னைக்கே விமர்சகர்கள் கொறை சொன்னாங்க. பார்ட்டி காட்சிக்கு சாய்கோவ்ஸ்கி பொம்மை ட்ரம்பெட்டும் பொம்மை ட்ரம்மும் சேத்து எழுதி வச்சிருக்கார். முழுசா ஆடலன்னா அது நட்கிராக்கரே இல்லன்னு உங்க பதில்ல ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதுக்கும் சொல்றேன், பாலே மேடை ஏறறதுக்கு முன்னாடியே, அதே வருஷம் மார்ச்ல, அதுலேருந்து எட்டே எட்டு துண்ட எடுத்து இருபது நிமிஷ 'சூட்'ங்கற இசைத் தொகுப்பா கோர்த்து கச்சேரியில நடத்துனது சாய்கோவ்ஸ்கியேதான். எழுதுனவரே சுருக்கலாம்னா நாலு வயசுக்காரிக்காக நீங்க சுருக்கினா என்ன கொறைஞ்சு போகும்?

இதெல்லாம் யாரும் செய்யாததும் இல்ல. இங்கிலிஷ் நேஷனல் பாலேங்கற லண்டன் குழு "மை ஃபர்ஸ்ட் பாலே"ன்னு, பெரிய பாலே கதைகள சுருக்கி, கதை சொல்றவர் ஒருத்தரோட, மூணு வயசுப் பிள்ளைங்களயும் மனசுல வச்சே நடத்திட்டு வந்திருக்காங்க. ரிலாக்ஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்னு லைட்ட முழுசா அணைக்காம, சத்தத்த கொறைச்சு, வெளிய போயிட்டு உள்ள வரலாம்னு சொல்லி நடத்துற அரங்கங்கள் எத்தனையோ இருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வச்சுக்கிட்டா ஆறாது. உங்க போஸ்டர்ல யார் படம்? வாயத் தொறந்து ஆச்சரியமா பாக்குற ஒரு கொழந்தை. கீழ என்ன எழுதியிருக்கு? குடும்பத்தோட பாருங்க. மேடையில யாரு? பிள்ளைங்க. மதர் ஜிஞ்சர்ங்கற பாத்திரத்தோட பெரிய பாவாடைக்குள்ளேருந்து ஓடி வர்றதும் பிள்ளைங்க. சீட்ல மட்டும் பிள்ளைங்க பிள்ளைங்களா இருக்கக் கூடாது. அதே ஷோவுல ரெண்டாம் பாகத்துல ஒரு பெரியவரோட போன் அடிச்சு, அவர் பையில தேடி அணைக்கற வரைக்கும் பாதி வால்ட்ஸ் கெட்டுப் போச்சு, அவர்கிட்ட யாரும் டார்ச்சோட வரல. இது உங்க அரங்கத்துல மட்டும் நடக்குறதுன்னும் சொல்ல மாட்டேன். ஹோட்டல், லைப்ரரி, ரயில், ஃப்ளைட், எங்க போனாலும் கொழந்தை சத்தம்னா ஒரு முறைப்பு, பெரியவங்க சத்தம்னா பொறுமை. அப்புறம் இந்தக் காலத்துப் பிள்ளைங்க போன்தான் பாக்குது, கலை மேல ஆர்வமே இல்லன்னு நாமளே மேடை போட்டு பேசறோம். ஆர்வம் எழுந்து நின்னு கர்ச்சீப் கேட்டுச்சுங்க, நாம அத காரிடாருக்கு அனுப்பிட்டோம்.

சரி, கோவத்துல நீளமா போயிட்டேன், விஷயத்துக்கு வர்றேன். உங்க டான்ஸர்கள் மேலயோ அன்னைக்கு டார்ச்சோட வந்தவர் மேலயோ எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவர் சொன்ன வேலைய செஞ்சார். மத்த ஷோவுல அமைதி வேணும்ங்கறதயும் நான் மறுக்கல, காசு குடுத்து வந்தவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. அதனாலதான் தனி ஷோ கேக்கறேன். முக்கால் மணி நேரம் போதும், இடைவேளையே வேணாம். பொம்மை ஒடையறது, மரம், சண்டை, செருப்பு, பனி, அப்புறம் ஷுகர் ப்ளம் ஃபேரியும் ரஷ்யன் டான்ஸும். லைட் கொஞ்சம் எரியட்டும். துப்பாக்கி சத்தம் வரப் போகுதுன்னு முன்னாடியே ஒருத்தர் சொல்லிட்டா பயப்பட மாட்டாங்க. எலி ராஜா ஷோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ மேடைக்கு வந்து தலைய கழட்டி உள்ள இருக்குற மனுஷன காட்டிட்டா இன்னும் நல்லது. எல்லாத்துக்கும் மேல, கதவு தொறந்திருக்கட்டும். வாய்விட்டுப் பேசுற கொழந்தைய யாரும் வெளிய அனுப்பாதீங்க.

அடுத்த சீசன் அட்டவணை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஒரு ஷோவ அதுல சேத்துடுங்கன்னு பணிவா கேட்டுக்கறேன். பிள்ளைங்க எந்த இடத்துல பயப்படுவாங்க, எங்க நெளிவாங்கன்னு தெரிஞ்சுக்க உங்க ரிகர்சலுக்கு எங்க கிளாஸயே கூட்டிட்டு வரவும் நான் தயார், தேதி மட்டும் சொல்லுங்க. இந்தத் தடவ விதிமுறைய அனுப்பாம, முடியும் முடியாதுன்னு நேரா ஒரு பதில் எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு ப்ரீஸ்கூல் டீச்சர்