கலையரங்கத் திருப்பணி நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கல்லூரிக் கலையரங்கத் திருப்பணி முடிந்துவிட்டது. கோயிலுக்குரிய சொல்லை அரங்கத்துக்குச் சொல்வதா என்று கடிந்துகொண்ட மூத்த உறுப்பினரே முதல் நன்கொடையையும் தந்தார். வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து சங்க அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

எங்கள் பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம். மேடை 3 அடி உயரம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளத்துக்கு 36 அடி வேண்டும். வேப்பமரம் குறுக்கே நின்றதால் 24 அடியோடு நிறுத்திக்கொண்டோம். சக்கர நாற்காலியில் வரும் வரலாற்றுத் துறை மாணவி பாதி ஏறியதும் பின்னோக்கி உருண்டார். தோழிகள் பிடித்ததால் தப்பினார். "இதற்குப் பழையபடி தூக்கிக்கொண்டே போகலாம்" என்றார். இடித்தோம். மரத்தைச் சுற்றி வளைத்து, நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு சமதளமும் வைத்து மறுபடி கட்டினோம். இரட்டைச் செலவுக்குப் பொறுப்பு இந்தக் குழுவே. கைப்பிடியாகப் போட்ட இரும்புக் குழாயும் ஒரே மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் உப்புக்காற்றை மறந்ததற்கு என்ன சமாதானம் சொல்வது? இப்போது இருப்பது உப்பைத் தாங்கும் 316 ரக எஃகு.

மாற்றுத்திறனாளிகளுக்கு உயர்கல்விச் சேர்க்கையில் 5 சதவீத இடம் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். நம் கல்லூரியிலும் சேர்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரை ஆண்டுவிழா மேடையில் கண்டதாகக் குழுவில் எவருக்கும் நினைவில்லை.

உண்மையில் அதிகப் பயன் தந்தது காசு செலவில்லாத வேலைதான். ஒத்திகை மாலை நாலரைக்குத் தொடங்குவது வழக்கம். தேவிபட்டினம், வாலிநோக்கம், மூக்கையூர்ப் பிள்ளைகள் அந்நேரம் பஸ் நிறுத்தத்தில் நிற்பார்கள். ஒயிலாட்டமும் சிலம்பமும் ஊர்த் திருவிழாவில் ஆடிப் பழகியவர்கள் அவர்கள். கல்லூரி மேடையிலோ விடுதி மாணவர்கள் மட்டும். முதல்வரிடம் மூன்று முறை நடந்து, புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளை ஒத்திகைக்கு வாங்கினோம். அறிவியல் துறையினர் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது பறை வாசிப்பதில் வேதியியல் மாணவர்களை அசைக்க முடியவில்லை.

ஆடை வாடகை இன்னொரு தடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்த கையோடு கல்லூரி திறந்து கலைக்குழுவுக்குப் பெயர் கேட்கிறார்கள். வரும்படி நின்றுபோன வீட்டுப் பிள்ளை, கையில் காசில்லை என்று சொல்லமாட்டாள், விருப்பமில்லை என்றுதான் சொல்வாள். ஆகவே சலங்கை, ஆடை, பறை, மிருதங்கம் எல்லாம் இனி அரங்க அறையின் பொதுச்சொத்து. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் மிருதங்கங்களுக்குக் கதவுள்ள மர அலமாரி செய்திருக்கிறோம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது கிழக்குச் சுவர். ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்வையற்ற மாணவர்கள் அறிவது எப்படி என்ற கேள்விக்கு ஓவிய மன்றத்துப் பிள்ளைகள் விடை கண்டார்கள். சேதுபதி தஞ்சை மராட்டியரோடு போரிடும் காட்சியைப் பலகையில் வரைந்து, கோடுகளின் மேல் வலை பின்னும் நூலை ஒட்டினார்கள். விரலால் தடவிப் பார்த்த மாணவர், "இந்தக் குதிரைக்குக் கால் ஐந்து இருக்கிறதே" என்றார். எண்ணிப் பார்த்தோம். பின்னால் நின்ற குதிரையின் கால் அது. அதைப் பிரித்துக் காட்ட மெல்லிய நூலுக்கு மாறினார்கள். விளக்கம் பிரெயிலில் கீழே உண்டு.

மிச்சமிருப்பவை: சைகைமொழி பெயர்ப்பாளருக்கு நிரந்தர ஏற்பாடு ஆகவில்லை, ஆண்டுவிழாவுக்கு மட்டும் ஒருவர் வந்து போகிறார். மேடைக்குப் பின்னுள்ள கழிப்பறைக் கதவு இன்னும் உள்பக்கமாகவே திறக்கிறது. சக்கர நாற்காலி நுழைந்தால் சாத்த முடியாது. பொங்கல் விடுமுறையில் மாற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்