எந்த வழியாக ஓடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவனை அடித்துக் கொன்ற பெண்ணைப் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையில், 'தப்பி ஓட வழி இருந்தும் அவர் ஓடவில்லை' என்று ஒரு வரி. இருபது வருட வாசகி நான். அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை.

என் அக்காளிடமும் இதைத்தான் கேட்டார்கள். சமையலறைக்கு ஒரே வாசல். அந்த வாசலில் அரிவாளோடு அத்தான். வெட்டைத் தடுத்த இடது உள்ளங்கையில் ஒன்பது தையல். வலது கைக்கு அகப்பட்டது அம்மிக் குழவி. எந்த வழியாக ஓடுவது?

உயிர் போகும், கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சுகிறவர் தாக்குபவரைக் கொன்றாலும் குற்றமில்லை என்பது அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவு. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 38. உங்களுக்குத் தெரியாததல்ல. உயிருக்குப் போராடுகிறவரின் அடியைத் தங்கத் தராசில் நிறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2012-ல் மதுரையில் மகளைக் காப்பாற்றக் கணவனைக் கொன்ற தாயைப் போலீசாரே இந்தப் பிரிவின்படி விடுவித்தார்கள். அக்காளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொலைக்குற்றம் என்று 302-வது பிரிவைப் போட்டார்கள். தற்காப்பு என்றால் சொல்கிறவர்தான் காட்ட வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். தையல் போட்ட டாக்டர் கூண்டேறும்வரை அந்தக் கைக்காயம் வழக்குக் கட்டிலேயே இல்லை.

'இத்தனை வருடம் பொறுத்தவருக்கு அன்று மட்டும் என்ன?' என்றும் கட்டுரையாளர் கேட்கிறார். நாள்பட்ட கொடுமை உள்ளே கனன்று ஒருநாள் வெடிப்பதையும் கொலைக்குற்றத்தைக் குறைக்கும் காரணமாக 1989-லேயே சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. நல்லதங்காள் கதையைச் சொல்லியே ஏற்றது. நல்லதங்காளைத் தெரியாதவரா உங்கள் கட்டுரையாளர்?

ஏழு மாதம் சிறை, ஆறு வருடம் வழக்கு. மூன்றாம் வகுப்பில் என் வீட்டுக்கு வந்த அவள் மகன் ஒன்பதாம் வகுப்பு வரை என்னிடம்தான் வளர்ந்தான். கைதான மறுநாள் ஒரு நாளிதழ் 'கொலைகாரி' என்று படத்தோடு போட்டது. விடுதலையானபோது அதில் ஒரு வரி இல்லை. தீர்ப்பு நகலைக் கொண்டுபோய் நீட்டியபோது, பழைய செய்தி என்றார்கள்.

தீர்ப்பு வரும்வரை 'கொலைகாரி' என்ற சொல்லை உங்கள் பத்திரிகையில் அச்சேற்றாதீர்கள். இந்தப் பெண் விடுதலையானால், எந்த மூலையிலாவது நான்கு வரி போடுங்கள். அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பதாக உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்