தமிழகப் பல்கலைக்கழகங்களின் மொழிபெயர்ப்புத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

வணக்கம். உங்கள் மாணவர்கள் கதை, கட்டுரை, ஆவணம் எல்லாம் மொழிபெயர்க்கிறார்கள், நல்லது. ஆனால் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று பேச்சை அந்த நிமிடமே மாற்றிச் சொல்கிறவருக்கு யார் பயிற்சி கொடுப்பது? அதை நீங்கள் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

திருப்பூர், கோவைப் பக்கம் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஓபி வரிசையில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்காகப் பேசுவது யார்? கம்பெனி சூப்பர்வைசர், ஆள் கூட்டி வந்த ஏஜென்ட், இல்லையென்றால் இங்கே தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளை. ஒரு மருத்துவமனையில் பத்து வயதுகூட இருக்காத ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன். அம்மாவுக்கு மாதவிடாய் நிற்காமல் போகிறது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு விவரமாக ஏதோ சொல்ல, குழந்தை டாக்டரிடம் "வயிறு வலிக்குதாம்" என்று மட்டும் சொன்னது. எத்தனை நாளாக, எவ்வளவு என்று டாக்டர் கேட்டதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. தெரியவும் வேண்டாம், அந்த வயதில் அதை அதன் தலையில் கட்டியதே தப்பு.

இப்படிப் போகிற பேச்சில் என்னவெல்லாம் விட்டுப்போகும் என்பதை அமெரிக்காவில் க்ளென் ஃப்ளோரஸ் என்ற குழந்தை மருத்துவர் குழுவோடு உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறார். ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் டாக்டரைப் பார்த்த 13 சந்திப்புகளைப் பதிவு செய்து வரி வரியாக ஆராய்ந்தார்கள், 2003இல் வெளியிட்டார்கள். மொத்தம் 396 பிழைகள், ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31. பாதிக்கு மேல், சொன்னதைச் சொல்லாமல் விட்ட பிழைகள். மருந்து அலர்ஜி உண்டா என்ற கேள்வியே அம்மாவிடம் போய்ச் சேரவில்லை. காது தொற்றுக்கு வாயில் கொடுக்க வேண்டிய அமாக்ஸிசிலினைக் காதில் விடச் சொல்லியிருக்கிறார்கள். அங்கும் நடுவில் நின்று பேசியவர்களில் ஒருவர் நோயாளியின் 11 வயது உடன்பிறப்பு.

அதே குழு 2012இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். 100 மணி நேரமாவது பயிற்சி பெற்றவர்கள் செய்த பிழைகளில் நோயாளியைப் பாதிக்கக்கூடியவை 2 சதவீதம்தான். அதற்குக் குறைவாகப் பயிற்சி பெற்றவர்களிடம் 12. எத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறார்கள் என்பதற்கும் பிழைக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஆக, இரண்டு மொழி தெரிந்தால் போதும், போகப் போகப் பழகிவிடும் என்ற பேச்சு எடுபடாது. அளவு, வேளை, நாள் மூன்றையும் குறித்துக்கொள்வது, புரியாத இடத்தில் டாக்டரை நிறுத்திக் கேட்பது, நோயாளி சொல்வதை "நான்" என்றே தன்மையில் சொல்வது, கேட்டதை வெளியில் பேசாமல் இருப்பது, இதெல்லாம் கற்றுக்கொடுத்துத்தான் வரும்.

அப்புறம், போன் இருக்கிறதே, இந்திய அரசின் மொழிபெயர்ப்புக் கருவி பாஷிணி இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், வழி கேட்கவும் பெயர் பதியவும் உதவும். ஆனால் இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் பேச்சை முதலில் எழுத்தாக்கித்தான் மொழிபெயர்க்கும். அப்படி எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவியைச் சோதித்த 2024 ஆய்வில், நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒலித்துண்டுகளில் யாருமே பேசாத வாசகங்கள் வந்து விழுந்திருக்கின்றன, அதுவும் பேச்சுக்கு நடுவே மௌனம் நீளும் இடங்களில் அதிகம். வலியில் இருப்பவர் நிறுத்தி நிறுத்தித்தானே பேசுவார்? சந்தாலி என்ற பழங்குடி மொழி மட்டுமே தெரிந்தவரிடம் போன் இந்தியில் பேசி என்ன பயன்? அமெரிக்க அரசின் 2024 விதிப்படி, சிகிச்சைக்கு முக்கியமான எழுத்தை இயந்திரம் மொழிபெயர்த்தால் தகுதியுள்ள மனிதர் சரிபார்த்தாக வேண்டும். அவசர நேரம் தவிர குழந்தைகளை நடுவில் நிறுத்தவும் அங்கே தடை இருக்கிறது.

உங்களிடம் கேட்பது பெரிய பட்டப்படிப்பு இல்லை. ஒடியா, இந்தி, வங்காளம், சந்தாலி என்று தொடங்கி 100 மணி நேரச் சான்றிதழ் வகுப்பு ஒன்று, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து. நோயாளியின் சம்மதத்தோடு நம் ஓபி பேச்சுகளைப் பதிவு செய்து, ஆளையும் கருவியையும் ஒரே அளவுகோலில் சோதிக்கும் ஆய்வு ஒன்று. படிக்க ஆள் கிடைப்பார்களா என்ற கவலை வேண்டாம், இங்கேயே பிளஸ் டூ முடித்த ஒடியா வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பைத் திருப்பூரிலேயே, ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். மற்ற நாள் ஷிப்ட் இருக்கும். உதவித்தொகையும் கொடுங்கள்.