வெயிலில் நிற்கும் காரில் அவசர உணவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மழைக்காலத்துக்குக் காரைத் தயார்செய்வது பற்றி நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். டயர், வைப்பர், பேட்டரி பற்றியெல்லாம் எழுதியது சரியே. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: “டேஷ்போர்டுப் பெட்டியில் நான்கைந்து எனர்ஜி பார்களைப் போட்டு வைத்துவிட்டால், உறையில் உள்ள தேதி வரை கவலை இல்லை.” இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. எழுதியவர் எந்த ஊர்க் காரை நினைத்து எழுதினார்? சித்திரை மாதத்து மத்தியானத்தில் தூத்துக்குடியிலோ வேலூரிலோ வெட்டவெளியில் நிறுத்திய காரின் கதவை ஒரு முறையாவது திறந்து பார்த்திருக்கிறாரா?

தாங்கள் அறியாதது அல்ல. வானிலை ஆய்வு மையம் சொல்லும் வெப்பநிலை, காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள் நிழலில் அளந்தது. மூடிய காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெயில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்களில் கார்களை நிறுத்திப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். வெயிலில் நின்ற கார்களில் ஒரு மணி நேரத்தில் உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ். டேஷ்போர்டுப் பலகை 69 டிகிரி. அந்தப் பலகைக்கு அடியில்தான் தங்கள் கட்டுரையாளர் உணவை வைக்கச் சொல்கிறார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும் என்பாரும் உண்டு. அதனால் பெரிதாகப் பயனில்லை என்பதை ஸ்டான்போர்டு மருத்துவர்கள் 2005-இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள்.

எனர்ஜி பார் என்பது பெரும்பாலும் கடலை, பாதாம், சாக்லேட் சேர்த்துச் செய்த இனிப்புக் கட்டி. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். அது உருகி, இரவில் இறுகி, மறுநாள் மறுபடி உருகி வெள்ளை பூத்துப்போவது பார்வைக்குத்தான் கேடு. உண்மையான கேடு நிலக்கடலையிலும் பாதாமிலும் இருக்கிறது. நிலக்கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். வெப்பம் பத்து டிகிரி கூடினால், எண்ணெய் காறிப்போகும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உறையில் அச்சடித்த தேதி, அதே உறையில் பொடி எழுத்தில் இருக்கும் ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்ற நிபந்தனையோடு சேர்ந்தது. தேதியை மட்டும் வாசகருக்குச் சொல்லி, நிபந்தனையை விட்டுவிட்டீர்கள்.

இதை நான் படித்து மட்டும் எழுதவில்லை. என் அக்காவுக்குச் சர்க்கரை நோய். சென்ற கோடையில் கண் சிகிச்சைக்காக அவர்களை மதுரைக்கு அழைத்துப்போனோம். அக்கா மகன் ஓட்டினான். எட்டயபுரம் தாண்டிச் சாலையின் குறுக்கே ஒரு டேங்கர் கவிழ்ந்து, முன்னும் பின்னும் நகர வழியில்லை. சாப்பாட்டு நேரம் தப்பியது. அக்காவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது, பேச்சு குழறியது. “மாமா, பயப்படாதீர்கள், பார் இருக்கிறது” என்று அவன் பெட்டியைத் திறந்தான். தங்கள் இதழைப் போன்ற ஏதோ ஒன்றைப் படித்துவிட்டுப் பங்குனியில் வாங்கிப் போட்டதாம். உறையைக் கிழித்ததும் பழைய வார்னிஷ் வாடை கார் முழுக்கப் பரவியது. சாக்லேட் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்தது பல் இறங்காத கட்டி. அக்கா ஒரு துண்டை வாயில் வைத்தார்கள்; விழுங்கிய உடனே குமட்டி வெளியே எடுத்துவிட்டார்கள். தேதி முடிய இன்னும் பல மாதம் இருந்தது. முன்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் தன் சமையல் பெட்டியிலிருந்து ஒரு கை சீனியை எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். அக்கா தெளிந்து உட்கார்ந்தார்கள்.

அந்த பார் கெடாமல் இருந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு உதவியிருக்காது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் வேண்டியது சீனி, குளுக்கோஸ் போல உடனே ஏறும் இனிப்பு. கொழுப்பு சேர்ந்த பண்டம் அந்தச் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதையே தாமதப்படுத்தும். “சர்க்கரை நோயாளிகளுக்கும் இது கைகொடுக்கும்” என்று தங்கள் கட்டுரை முடிகிறது. ஆசிரியர் குழுவில் ஒருவர்கூட இதை மருத்துவரிடம் கேட்கவில்லையா?

நான் வணிகக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இளநிலை அதிகாரியாக இருந்த காலத்தில் உயிர்காப்புப் படகுகளின் பொருட்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. சர்வதேச விதிப்படி ஒவ்வொரு படகிலும் ஆளுக்குக் குறைந்தது 10,000 கிலோஜூல் ஆற்றல் தரும் உணவும் மூன்று லிட்டர் குடிநீரும் இருந்தாக வேண்டும். அந்தப் படகுகள் பாரசீக வளைகுடா வெயிலில் மேல்தளத்தில் காய்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் இருக்கும் உணவைத் தாங்கள் பார்க்க வேண்டும்: மாவு, சீனி, எளிதில் காறாத கொழுப்பு சேர்த்து அழுத்திய வில்லைகள். கடலை இல்லை, சாக்லேட் இல்லை, தாகம் எடுக்க வைக்கும் உப்பு இல்லை. காற்று புகாத தகட்டுறைக்குள் ஐந்து ஆண்டுகளுக்கென்றே செய்தவை. அதையும் நாங்கள் எண்ணி, உறை பார்த்து, தேதி வந்ததும் மாற்றினோம். அந்த உணவுக்கே அவ்வளவு காவல். கடைச் சாக்லேட் பாருக்குத் தாங்கள் “கவலை இல்லை” என்கிறீர்கள்.

நம் பக்கத்து ஆபத்து எப்போது வருகிறது என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவில் நின்றது. மறு ஆண்டு டிசம்பரில் பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேல் ஏறி வண்டிகளை நிறுத்தியது. நமக்கு அவசரம் ஐப்பசியிலும் கார்த்திகை, மார்கழியிலும் வருகிறது. போன மழைக்கு வாங்கி வைத்த பார் பங்குனி, சித்திரை, அக்னி நட்சத்திரம் எல்லாவற்றையும் காருக்குள் கழித்துவிட்டுத்தான் அடுத்த மழையைப் பார்க்கும். தேதியை நம்பிய குடும்பம் வெள்ளத்தின் நடுவே அதைக் கிழித்தால் என்ன இருக்கும்? குளிர்நாட்டுக்காரர் அங்கே பனியில் சிக்கினால் என்ன செய்வது என்று எழுதிய பட்டியல் அவருக்குப் பொருந்தும். நமக்கு அதை அப்படியே இறக்கினால் எப்படிப் பொருந்தும்?

இது முதல் முறையும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் இதே பகுதியில் அவசரப் பை பட்டியல் போட்டபோது, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் கருவியைச் சேர்த்திருந்தீர்கள். உடனே கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இன்சுலினைக் காரிலேயே ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று தங்களுடைய இன்னொரு இதழ் சொன்னது. முப்பது டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாத மருந்து அது. அதற்கும் எழுதினேன். வாசகர் பக்கத்தில் இடமில்லை போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்த முறை அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்க எனர்ஜி பார் விளம்பரம் வந்திருக்கிறது. தங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் என் அண்டை வீட்டுக்காரர் சந்தேகிக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சந்தா கட்டி வருபவனுக்கு இது வருத்தமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். எனர்ஜி பார், கடலை மிட்டாய், சாக்லேட் எதையும் வெயிலில் நிற்கும் காரில் நிரந்தரமாக வைக்க வேண்டாம். வீட்டு வாசலருகே ஒரு பையில் வைத்து, பயணம் புறப்படும்போது எடுத்துப்போய்த் திரும்பியதும் இறக்கிவிட வேண்டும். காரில்தான் எதையாவது வைக்க வேண்டுமென்றால் இறுக்கி மூடிய டப்பாவில் சீனியோ பனங்கற்கண்டோ வைக்கலாம். எண்ணெய்ப் பசை குறைந்த பொரிகடலையையும் வைக்கலாம், ஆனால் மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். அதுவும் டேஷ்போர்டில் வேண்டாம், வெயில் படாத டிக்கியின் அடித்தட்டில். குடிநீரைப் புறப்படும்போது புதிதாக நிரப்பிக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளி உடன் வந்தால் குளுக்கோஸ் பொட்டலம் அவர் கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

கார்த்திகை இதழ் அச்சுக்குப் போவதற்குள் இது வெளிவந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தை விட்டுவிட்டு, திருத்தத்தை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி, தூத்துக்குடி