அசையாமல் இருந்து தந்த அனைவருக்கும் நன்றி

மதுரையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு ஹோலோகிராம், அதாவது லேசர் ஒளியால் பதிவு செய்த முப்பரிமாணப் படம், உருவாகியிருக்கிறது. உள்ளங்கை அகலக் கண்ணாடித் தகடு. அதற்குள் அப்பத்தாவின் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி, மூடி திறந்தபடி, முழு உருவமாக இருக்கிறது. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால் டப்பியின் விலாவில் பொறித்த எழுத்து படிக்கக் கிடைக்கிறது. நேராகப் பார்த்தால் அது மறைந்துவிடுகிறது. பலர் கைகொடுத்து நடந்த வேலை இது. அவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும். லேசர் ஒளி தகட்டின் வழியே போய், பொருளில் பட்டுத் திரும்பி வருகிறது. போகும் ஒளியும் வரும் ஒளியும் தகட்டின் மேல் பூசிய, ஒளியை உணரும் படலத்துக்குள் சந்தித்து அடுக்கடுக்காக வரிகளை எழுதுகின்றன. மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 5000 வரிகள். ஒளி படும் அந்த விநாடிகளில் டப்பியோ தகடோ 160 நானோமீட்டர் அசைந்தாலே வரிகள் கலைந்துவிடும். தலைமுடியின் கனத்தில் சில நூறில் ஒரு பங்கு அது. மோட்டார் ஓடினால் போயிற்று, மாடிப்படியில் யாராவது இறங்கினால் போயிற்று. தொடக்கத்தில் எடுத்த தகடுகளெல்லாம் வெறும் கண்ணாடியாகவே வந்ததற்குக் காரணம் அதுதான்.

இதைச் சொன்னதும் கீழ்வீட்டு அக்கா ராத்திரி மாவாட்டுவதை விடியற்காலைக்குத் தள்ளிவைத்தார். வாட்ச்மேன் அண்ணன் தண்ணீர் மோட்டாரை முன்கூட்டியே போட்டுத் தொட்டியை நிரப்பி வைத்தார். மேல்வீட்டுப் பிள்ளைகள் மூவரும் கட்டிலைவிட்டு இறங்காமல் இருந்தார்கள். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். கடைசி பஸ் போனபின் ஒரு கட்டடமே எனக்காக அசையாமல் இருந்தது. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணனுக்கு. தரையின் அதிர்வு மேலே ஏறாமலிருக்க ஸ்கூட்டர் டியூபை அரைக்காற்றில் நிறுத்தி, அதன்மேல் கடப்பாக்கல் பலகையை வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் காற்றைக் கூட்டிக் குறைத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். 1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இயற்பியலாளர் லாயிட் கிராஸும் சிற்பி ஜெர்ரி பெதிக்கும் மணல் நிரப்பிய பெட்டியை வைத்தே ஹோலோகிராம் எடுத்துக் காட்டினார்கள். விலையுயர்ந்த ஆய்வக மேசை இல்லாமலும் முடியும் என்ற துணிவு எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

எலக்ட்ரானிக்ஸ் கடைத் தம்பிக்கு. 5 மில்லிவாட் சிவப்பு டயோடு லேசரின் முன்லென்ஸைக் கழற்றி, ஒளி தானாகவே விரிந்து பரவும்படி செய்து தந்தவர் அவர். அடாப்டர் வேண்டாம், பேட்டரி போடுங்கள், கொஞ்ச நேரம் எரியவிட்டபின் எடுங்கள் என்றார். லேசருக்கு நேராகக் கண்ணை வைக்கவே கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டினார்.

ஸ்டுடியோ ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் சிவப்பு விளக்கின் கீழ் கறுப்பு வெள்ளைப் படம் கழுவியவர். இந்தத் தகடு சிவப்பு ஒளியைத்தான் வாங்கிக்கொள்ளும் என்பதால், இங்கே மங்கலான பச்சை விளக்கு. அந்த வெளிச்சத்தில் கை பழக அவருக்குச் சிறிது நேரமே ஆனது. ஈரவிரலைத் தகட்டின் ஓரத்தில் வைத்து, ஒட்டுகிற பக்கம்தான் படலம் உள்ள பக்கம் என்று காட்டினார். மெட்டோல், வைட்டமின் சி, சோடியம் கார்பனேட், காஸ்டிக் சோடா கலந்த கரைசலில் தகடு கறுத்தது. மயில்துத்தம் சேர்ந்த இரண்டாவது கரைசலில் மறுபடி தெளிந்தது. இவற்றையெல்லாம் அளந்து கொடுத்து, கையுறை போடாமல் தொடவிடாத வேதியியல் டீச்சருக்கும் என் வணக்கம்.

ஈரமாக இருக்கும்வரை தகட்டில் ஒன்றுமே இல்லை. ஹேர் டிரையரைக் காட்டக் காட்ட ஒரு மூலையிலிருந்து டப்பியின் விளிம்பு எழுந்து வந்தது. ஐயா என் தோளைப் பிடித்துக்கொண்டார். சிவப்பில் எடுத்தது பொன்மஞ்சளாகத் தெரிந்தது. கழுவிக் காயும்போது படலம் சற்றுச் சுருங்குவதால் நிறம் இப்படி மாறுகிறது. பித்தளைக்கு அது பொருந்தியே இருக்கிறது.

தூரத்தில் இருந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1947இல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் இந்த முறையைக் கண்ட டென்னிஸ் காபருக்கு 1971இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் என் பின்னறைக்கு நேரடியாக வந்து சேர்ந்தது லெனின்கிராடின் யூரி டெனிசியுக் 1962இல் வெளியிட்ட வழி. ஒரே கதிர், ஒரு தகடு, அதன் பின்னால் பொருள், அவ்வளவுதான். வீட்டில் எடுக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் லேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் இருந்துகொண்டு இந்தக் கலையைச் சாதாரண ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எளிமையாக்கித் தந்த பேராசிரியர் டி. எச். ஜியோங்கையும் நன்றியோடு நினைக்கிறேன்.

அம்மாவுக்கு. மாமியார் விட்டுப்போன ஒரே பொருளின் மூடி ஆடாமலிருக்க எம்சீல் வைத்து ஒட்டச் சம்மதித்ததற்கு.

வரும் ஞாயிறு இருட்டியபின் எல்லோரும் மொட்டை மாடிக்கு வாருங்கள். டியூப்லைட்டில் உருவம் கலங்கிவிடும். செல்போன் டார்ச்சை மேலிருந்து சாய்வாகப் பிடித்தால் துல்லியமாகத் தெரியும். பிள்ளைகள் மூவருக்கும் முதல் வரிசை.