மழை சராசரி போடும்போது கணக்கு போட்ட ஷீட்டையும் குடுங்க

ஆசிரியர் சார், வணக்கம்.

வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்சாலே நம்ம பேப்பர்ல எந்தெந்த ஊர்ல எத்தனை மில்லிமீட்டர்னு பட்டியல் வந்துடுது, கீழ மாவட்ட சராசரின்னு ஒரு நம்பரும் வருது. எங்க டெல்டா பக்கம் டீக்கடைல முதல்ல பிரிக்கிற பக்கமே அதான் சார். அந்த சராசரி பத்திதான் ஒரு கோரிக்கை.

கம்ப்யூட்டர்ல கணக்குப் போடற எக்செல் ஷீட்டோ கூகுள் ஷீட்ஸோ, சராசரி எடுக்கற ஆவரேஜ் ஃபார்முலா காலியா இருக்கற செல்லை, அதாவது கட்டத்தை, கணக்குலயே சேர்க்காது, ஆனா அதே செல்லுல 0ன்னு அடிச்சிருந்தா சேர்த்துக்கும். உதாரணத்துக்கு 6 மழைமானி இருக்கு, நாலுல 30, 40, 50, 60ன்னு ரீடிங் வந்துடுச்சு, மீதி ரெண்டுல இருந்து தகவலே வரலன்னு வச்சுக்குவோம். காலியா விட்டா சராசரி 45, ஏதாவது போடணுமேன்னு யாராவது 0 போட்டுட்டா 30. பெஞ்ச மழை ஒண்ணுதான், பேப்பர்ல வர்ற நம்பர்ல 15 மில்லிமீட்டர் குறைஞ்சு போச்சு. தலைகீழாவும் நடக்கும், நிஜமாவே மழை இல்லாத ஊர்ல 0 போடாம காலியாவோ ஒரு கோடு போட்டோ விட்டுட்டா சராசரி ஏறிடும். இன்னொண்ணு, செல்லுல வெறும் 40ன்னு இல்லாம "40 மிமீ"ன்னு அடிச்சா ஷீட் அதை நம்பராவே பார்க்காது, கூட்டற சம், ஆவரேஜ் ரெண்டும் சத்தமில்லாம தாண்டிப் போயிடும், எரர் கூட காட்டாது. இதான் எனக்கு ரொம்ப பயம், எரர் வந்தா யாராவது திரும்பிப் பார்ப்பாங்க, நம்பர்னு ஒண்ணு வந்துட்டா யாரும் பார்க்க மாட்டாங்க. கவுண்ட்னு ஒரு ஃபார்முலா இருக்கு, எத்தனை செல்லுல நிஜமான நம்பர் இருக்குன்னு அது சொல்லிடும், அதை சராசரிக்குப் பக்கத்துலயே போட்டா பாதி குழப்பம் தீர்ந்துடும்.

தாலுகா வாரியா கூட்டறதுக்கு, பேர் பொருந்தற வரியை மட்டும் கூட்டற சம்இஃப்ஸ்ங்கற ஃபார்முலா போடுவாங்க, அதுல பாபநாசம்ங்கற பேருக்குப் பின்னாடி தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தா அந்த வரி கூட்டல்ல வராது, முன்கூட்டியே, தேவையில்லாத ஸ்பேஸை எடுக்கற ட்ரிம் ஃபார்முலா போட்டு பேரை சுத்தம் பண்ணிக்கணும். பேரைத் தேடி அந்த வரில இருக்கற நம்பரை எடுத்துட்டு வர்ற வீலுக்கப் ஃபார்முலால, அச்சா அதே பேர்தான் வேணும்னு சொல்ற ஃபால்ஸைக் கடைசில போடாம விட்டா பேர் சரியா பொருந்தாட்டியும் பக்கத்துல இருக்கற ஏதோ ஒரு வரியைத் தூக்கிட்டு வந்துடும்.

இதெல்லாம் சின்ன ஆபீஸ்லதான் நடக்கும்னு நினைக்காதீங்க. 2010ல கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள், அரசாங்கக் கடன் நாட்டோட மொத்த உற்பத்தில (ஜிடிபி) 90 சதவீதத்தைத் தாண்டின நாடுகளோட வளர்ச்சி சராசரியா மைனஸ் 0.1 சதவீதம்னு கணக்கு போட்டாங்க, செலவைக் குறைக்கணும்னு பேசின அரசியல்வாதிங்க அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் அதை எடுத்து எடுத்துக் காட்டினாங்க. 2013ல தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு மாணவர் அவங்ககிட்டயே ஒரிஜினல் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தா, ஆவரேஜ் ஃபார்முலா 30வது வரில இருந்து 49 வரைக்கும் போகாம 44லயே நின்னுடுச்சு, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சும் கணக்குல இல்ல. வேற சில வருஷ டேட்டா விட்டது, சராசரில எந்த நாட்டுக்கு எவ்வளவு வெயிட் (முக்கியத்துவம்) குடுத்தாங்கங்கறதுன்னு பெரிய பிரச்சினைகளும் இருந்துச்சு, அவரும் அவரோட பேராசிரியர்களும் எல்லாத்தையும் சரிபண்ணிப் பார்த்தப்போ 2.2 சதவீதம் வந்துச்சு. ஷீட்டைக் குடுத்ததாலதான் இது வெளில வந்துச்சு, வெறும் கட்டுரையை வச்சு யாராலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது.

கொரோனா சமயத்துல இங்கிலாந்துல இன்னும் மோசம், பழைய எக்செல் ஃபைல்ல 65,536 வரிக்கு மேல போகாதுங்கறதால 2020 செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பத்துல 15,841 பேரோட பாசிட்டிவ் ரிசல்ட் அப்போதைக்குக் கணக்குல ஏறாமலே போச்சு, அவங்களோட பழகினவங்களுக்குத் தகவல் போறதும் லேட்டாச்சு.

அதனால சார், மாவட்ட சராசரி போடும்போது எத்தனை மழைமானில இருந்து வந்த ரீடிங்னு பக்கத்துலயே அடைப்புக்குறில போடுங்க, தகவல் வராத ஊருக்கு 0 போடாம "தகவல் இல்லை"னு போடுங்க. 2.5 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் பெஞ்சாதான் வானிலைத் துறை அதை மழை நாள்னு எடுத்துக்குது, நிபந்தனைக்குப் பொருந்தற செல்லை மட்டும் எண்ணற கவுண்ட்இஃப் ஃபார்முலால ஒரு வரிதான், மாசத்துல எத்தனை மழை நாள்னு அதையும் சேர்த்துப் போட்டா நல்லது, ஒரே நாள்ல 100 மில்லிமீட்டர் கொட்டறதும் பத்து நாள் பத்து பத்தா பெய்யறதும் பயிருக்கு ஒண்ணு இல்லையே. வெப்சைட்ல பட்டியலைப் படமா போடாம ஃபார்முலாவோட ஷீட்டாவே போடுங்க, படமா இருந்தா நாங்க ஒவ்வொரு நம்பரா திரும்ப அடிக்க வேண்டியிருக்கு, ஷீட்டா இருந்தா பிளஸ் டூ படிக்கிற பசங்களே போன்ல திறந்து சரிபார்த்துடுவாங்க, தப்பு இருந்தா உங்களுக்கே எழுதவும் செய்வாங்க. இந்த சீசன் முடியறதுக்குள்ள ஆரம்பிச்சீங்கன்னா ரொம்ப சந்தோஷம்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் மாவட்ட வாசகன்